அம்மாவையும் மகளையும் குடும்ப ஆலோசனைக்கு அழைத்துப் போவது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

நான் பதினோரு மாதம் அலைந்து முடித்த வேலையை நீங்கள் ஐந்தாறு வாரத்தில் முடித்துவிடலாம், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மூன்று பேர்: 73 வயது அம்மா, நான், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள். சிங்கப்பூரில், ஈசூனில் நாலறை வீடு. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்ததெல்லாம் பழைய வீட்டில், என் சின்ன வயதில். அதெல்லாம் முடிந்துபோன கதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு திறக்காமல் இருந்தபோது வெளியே நின்று நான் கத்திய வார்த்தை அப்படியே அப்பாவுடையது. சமையலறையில் இருந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றார், அப்பா கத்தும்போது நிற்பாரே அதே மாதிரி. அவர் பயந்தது என்னைப் பார்த்து.

அன்று ராத்திரிதான் எங்கேயாவது போய் உதவி கேட்க வேண்டும் என்று தோன்றியது. எங்கே போவது, என்ன எடுத்துப்போவது, எவ்வளவு ஆகும், தமிழில் பேச முடியுமா, ஒன்றும் தெரியாது. கேட்டால் நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள்.

1. எங்கே போவது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

இங்கேதான் எனக்கு அதிக நேரம் வீணானது. இங்கே மூன்று இடங்கள் இருக்கின்றன, மூன்றும் வேறு வேறு வேலைக்கு.

குடும்பச் சேவை நிலையம்: வீட்டுக்குள் பேச்சு நின்றுபோவது, ஓயாத சண்டை, பிள்ளையோடு ஒத்துப்போகாதது, ஆறாத துக்கம், பணக் கஷ்டத்தோடு சேர்ந்து வரும் மனக் கஷ்டம், எல்லாவற்றுக்கும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். தீவு முழுக்க இருக்கின்றன, பெரும்பாலும் ஏதாவது ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில். ஏழைகளுக்கு அரிசி பருப்பு கொடுக்கும் இடம் என்று நான் நினைத்திருந்தேன், அதனாலேயே ‘நமக்கில்லை’ என்று இரண்டு தடவை அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். அங்கே பயிற்சி பெற்ற சமூக ஊழியர்கள் இருக்கிறார்கள், குடும்பமாக உட்கார்ந்து பேச வைப்பதுதான் அவர்களுடைய அன்றாட வேலை.

பலதுறை மருந்தகம் (அரசாங்கத்தின் பொது மருத்துவ நிலையம்): தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, நெஞ்சு படபடப்பு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, இப்படி உடம்பில் தெரிய ஆரம்பித்துவிட்டால் மருத்துவரையும் பார்க்க வேண்டும். என் அம்மா இரண்டு வருடம் வயிற்றெரிச்சல், தூக்கமின்மை என்று மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். வயிற்றுக்கு எடுக்க வேண்டிய சோதனையெல்லாம் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது. வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மருத்துவரிடம் போனால் உடம்பு உபாதையோடு ‘வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து இப்படி’ என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பள்ளி: ஒவ்வொரு பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார். பிள்ளைக்கு மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், வகுப்பாசிரியர் மூலமாக அவரைப் பார்ப்பதுதான் விரைவான வழி. 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மனநலக் கழகம் நடத்தும் ‘சாட்’ என்ற இடம் இருக்கிறது, அங்கே மதிப்பீடு இலவசம்.

இந்த மூன்றுக்கும் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. யாராவது உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால் 1767 (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர், 24 மணி நேரமும்), மனம் தாங்கவில்லை என்றால் 1771 (தேசிய மனநல உதவி எண், இதுவும் 24 மணி நேரம்), வீட்டில் அடி உதை நடக்கிறது என்றால் 1800-777-0000, உடனடி ஆபத்து என்றால் 999 அல்லது 995. இவற்றை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். தொலைபேசியில் சேமித்து வைத்தால் போதாது, வேண்டிய நேரத்தில் அம்மாவால் தேடி எடுக்க முடியாது.

2. எல்லோரும் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குத் திருப்திதான். நான் நாலு மாதம் அம்மாவைச் சம்மதிக்க வைக்கப் பார்த்தேன். அம்மா, ‘வீட்டு விஷயத்த வெளியில சொல்றதா? செத்துப்போன மனுசனப் பத்தி இப்ப என்ன பேச்சு?’ என்றார். மகள், ‘பாட்டி வந்தா நான் வரேன்’ என்றாள். பாட்டியோ, ‘சின்னப் புள்ள முன்னாடி அதெல்லாம் பேச முடியுமா’ என்றார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் நான் தனியாகப் போனேன். குடும்ப ஆலோசனை என்றால் குடும்பமே வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒருவர் போனாலே கோப்பு திறப்பார்கள். ஆறு வாரம் நான் மட்டும் போனேன், வீட்டில் யாரிடமும் எதையும் வற்புறுத்தவில்லை. கத்துவது குறைந்ததை மகள்தான் முதலில் கவனித்தாள். ஏழாவது வாரம் தானாகவே, ‘அங்க என்னதான் பேசுவீங்க?’ என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் வந்தாள்.

3. முதல் அழைப்பு

உங்கள் வட்டாரத்து நிலையம் எது என்று தெரியவில்லையென்றால் அரசாங்கத்தின் காம்கேர் உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000-க்கு அழையுங்கள், அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டு எது என்று சொல்லிவிடுவார்கள். நிலையங்கள் வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சொந்தக்காரர் கண்ணில் படக் கூடாது என்று தூரத்து நிலையத்துக்குப் போனால் பெரும்பாலும் உங்கள் வட்டாரத்துக்கே திருப்பி அனுப்புவார்கள், எனக்கு அதில் மூன்று வாரம் போனது. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம் இருந்தால் அதை அழைக்கும்போதே சொல்லுங்கள், ஏதாவது வழி செய்வார்கள். எனக்குக் கூட்டமில்லாத மாலை நேரம் கொடுத்தார்கள்.

சிண்டாவையும் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) மறந்துவிடாதீர்கள். இந்தியர்களான நம் சம்பளத்திலிருந்து மாதாமாதம் சிண்டா நிதிக்குப் பிடிக்கிறார்கள், ஆனால் துணைப்பாட வகுப்பைத் தாண்டி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நம்மில் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. குடும்பங்களுக்கான உதவியும் அவர்களிடம் இருக்கிறது, எண் 1800-295-4554, இடம் பீட்டி ரோடு. தமிழில் பேச வேண்டும் என்பது உங்களுக்கு முக்கியம் என்றால் அங்கேயும் விசாரியுங்கள்.

அழைக்கும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் நான் இரண்டு முறை ‘சும்மா விவரம் கேட்கத்தான்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த இரண்டு அழைப்பும் வீண், யாரும் திருப்பி அழைக்கவில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாலு விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். வீட்டில் யார் யார், என்ன வயது. இப்போது என்ன நடக்கிறது (கடந்த ஒரு மாதத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும், முப்பது வருடக் கதை வேண்டாம்). யாருக்காவது உயிராபத்தோ அடியோ உண்டா. எந்த மொழியில் பேச வேண்டும். நாலாவதை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ‘எனக்கு ஆங்கிலம் போதும், ஆனால் அம்மாவுக்குத் தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும், அதற்காக இரண்டு மூன்று வாரம் காத்திருக்கத் தயார்’ என்று முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் கோப்பு வேறொருவர் கைக்கு மாற வேண்டும், நீங்கள் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். நான் அதையும் அனுபவித்திருக்கிறேன்.

4. பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள்

இது நடந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன், தடுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மா முதன்முதலாக வந்த நாள். தமிழ் பேசும் ஊழியர் அன்று விடுப்பு. நிலையத்தில் இருந்தவர் நல்ல மனுஷி, ஆங்கிலம்தான் பேசினார். நான் மொழிபெயர்த்தால் என் பக்கம் சாய்ந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், ‘பேத்தி இரண்டு மொழியும் நன்றாகப் பேசுகிறாளே, அவள் சொல்லட்டுமே’ என்றார். மகளும் தலையாட்டினாள். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த அம்மையார் கேட்ட ஒரு கேள்விக்கு அம்மா, நாற்பது வருடம் யாரிடமும் சொல்லாததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அப்பா உதைத்தது, ஆஸ்பத்திரியில் படியிலிருந்து விழுந்ததாகச் சொன்னது. எனக்கே அன்றுதான் தெரியும். என் மகள் அதைக் கேட்டு, ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்து, ‘தாத்தா கிக்ட்’ என்று தொடங்கி அதற்குமேல் முடியாமல் என்னைப் பார்த்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே, ‘ஒண்ணுமில்ல கண்ணு, பாட்டி சும்மா சொன்னேன்’ என்று வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் ஐந்து மாதம் அந்தப் படியேறவில்லை.

ஒரே நிமிடத்தில் மூன்று பேரும் நொறுங்கிப்போனோம். தன் தாத்தாவைப் பற்றி அப்படி ஒரு வாக்கியத்தைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டிய நிலைமையில் எந்தப் பிள்ளையையும் வைக்கக் கூடாது. பாட்டிக்கும் பேத்தி முன்னால் அதைச் சொன்ன வெட்கம்.

அதனால் தமிழ் பேசுபவர் இல்லையென்றால் அந்தச் சந்திப்பைத் தள்ளிப்போடுங்கள், வெட்கப்படாமல் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று எழுந்து வாருங்கள். நிலையத்தின் வேறு ஊழியரோ பக்கத்து வட்டாரத்தில் தமிழ் தெரிந்தவரோ கிடைப்பாரா என்று கேளுங்கள். மருத்துவமனையிலும் இப்படித்தான், தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று கேட்பதில் தவறே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் முதல் இரண்டு மூன்று முறையாவது தனியாகப் பேசட்டும். எதைப் பேரப்பிள்ளைகள் முன்னால் சொல்வது என்பதை அவர்களே ஆலோசகரோடு சேர்ந்து முடிவு செய்யட்டும்.

5. எடுத்துப்போக வேண்டியவை

குடும்பச் சேவை நிலையத்துக்கு அதிகம் தேவையில்லை. எல்லோருடைய அடையாள அட்டை (பிள்ளைக்கு மாணவர் அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ்). பணக் கஷ்டமும் சேர்ந்திருந்தால் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, மத்திய சேமநிதி அறிக்கை, கட்டவேண்டிய பில்கள், ஏனென்றால் உதவித்தொகைக்கு அங்கிருந்தே வழிகாட்டுவார்கள். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையென்றால் பெற்றோர் கையெழுத்துப் போட ஒரு சம்மதப் படிவம் இருக்கும். விவாகரத்தானவர்கள் பிள்ளையின் பராமரிப்பு பற்றிய நீதிமன்ற ஆணையின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள், யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி வரும்.

மருத்துவரைப் பார்க்கப் போனால் சாஸ் அட்டை (தனியார் மருந்தகங்களில் அரசாங்க உதவித்தொகை பெறும் அட்டை), சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் (நாட்டு மருந்து, கடையில் வாங்கும் தூக்க மாத்திரை உட்பட), பழைய பரிசோதனை முடிவுகள். பெரியவர் 1950-க்கும் 1959-க்கும் இடையில் பிறந்தவராக இருந்தால் மெர்டேக்கா தலைமுறை அட்டை இருக்கும், 1949 அல்லது அதற்கு முன் என்றால் முன்னோடித் தலைமுறை அட்டை. அரசாங்க இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கடவுச்சொல் அம்மாவுக்குத் தெரியாது, அதை முதல் நாள் இரவே சரிசெய்து வையுங்கள். பலதுறை மருந்தக நேரத்தை ஹெல்த்ஹப் செயலியில் பதிய அது வேண்டும், காலையில் வரிசையில் நின்றுகொண்டு கடவுச்சொல்லை மாற்றப் பார்த்தது பெரிய அவஸ்தை.

இன்னொன்று, எந்தப் பட்டியலிலும் இருக்காது: ஒரு பக்கத்தில் குடும்பத்தின் முக்கியமான வருடங்களை எழுதி எடுத்துப்போங்கள். யார் எப்போது பிறந்தார், இறந்தார், வீடு மாறியது, வேலை போனது, பிரிந்தது. ஏன் என்று ஏழாவதில் சொல்கிறேன்.

6. செலவு

குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசனைக்கு நாங்கள் ஒரு காசும் கட்டவில்லை. எங்களுக்கு ஆன செலவெல்லாம் பேருந்துக் கட்டணமும், முடிந்து வரும்போது அம்மா கேட்கும் தே சி தேநீரும்தான்.

மருத்துவப் பக்கம்தான் கவனம் வேண்டும். பலதுறை மருந்தகத்தில் குடிமக்களுக்கு உதவித்தொகை போக ஆலோசனைக் கட்டணம் குறைவு, மெர்டேக்கா தலைமுறையினருக்கு அந்த உதவித்தொகை போக உள்ள தொகையில் இன்னும் 25 விழுக்காடு கழிவு, முன்னோடித் தலைமுறையினருக்கு 50 விழுக்காடு. மனநல நிபுணரைப் பார்க்க வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்திலிருந்தோ, சாஸ் அட்டையை ஏற்கும் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். கடிதம் இல்லாமல் நேராக அரசாங்க மருத்துவமனை நிபுணரிடம் நேரம் வாங்கினால் நீங்கள் தனியார் நோயாளி, கட்டணம் பல மடங்கு. பின்னால் உதவித்தொகைக்கு மாறுவதும் சுலபமில்லை. எங்கள் சொந்தத்தில் ஒருவர் அவசரத்தில் அப்படிச் செய்துவிட்டு வருடக்கணக்கில் கட்டினார்.

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு போன்றவை நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் இருக்கின்றன, அதனால் மெடிசேவிலிருந்து (மத்திய சேமநிதியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் கணக்கு) வருடத்துக்கு ஒரு வரம்பு வரை எடுக்கலாம். ஒரு பகுதியைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். அம்மா கணக்கில் பணம் இல்லையென்றால் பிள்ளைகள் தங்கள் மெடிசேவைக் கொடுக்கலாம், முகப்பில் கேளுங்கள், ஒரு படிவம் தருவார்கள்.

தனியார் ஆலோசகரை நான் விசாரித்தபோது ஒரு மணி நேரத்துக்கு 120 வெள்ளியிலிருந்து 200-க்கு மேல் வரை சொன்னார்கள். கையில் இருந்தால் போங்கள், தப்பில்லை, காத்திருப்பும் குறைவு. கடன் வாங்கிப் போகாதீர்கள். மூன்று முறை போய்விட்டுப் பணமில்லாமல் நிறுத்துவது, போகாமல் இருப்பதைவிட மோசமாக முடியும், எல்லாவற்றையும் கிளறிவிட்டு ஒன்றையும் மூடாமல் வருவீர்கள்.

வேலை அனுமதியிலோ நீண்டகால வருகை அனுமதியிலோ இருப்பவர்களுக்கு அரசாங்க மருத்துவ உதவித்தொகை பொதுவாகக் கிடையாது, முழுக் கட்டணம்தான். அப்படிப்பட்டவர்கள் மருத்துவமனைக்கு முன்னால் குடும்பச் சேவை நிலையத்திலும் முதலாளியின் மருத்துவக் காப்பீட்டிலும் விசாரித்துவிடுங்கள்.

‘பதிவில் வந்துவிடுமே, பிள்ளை எதிர்காலம்?’ என்ற கேள்வியை என்னிடம் எல்லோரும் கேட்கிறார்கள். நிலையத்தில் போய்ப் பேசுவது நோயென்று யாரும் எழுதுவதில்லை. வேலை விஷயத்தில், 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டத்தில் மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் இருக்கிறது. காப்பீடு மட்டும் வேறு. நிபுணர் நோய் என்று கண்டறிந்து எழுதிவிட்டால், புதிதாகக் காப்பீடு எடுக்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே இருக்கிற காப்பீட்டை நடுவில் ரத்து செய்துவிட்டுப் புதியது எடுக்காதீர்கள்.

7. முதல் சந்திப்பில் என்ன நடக்கும்

சுமார் ஒரு மணி நேரம். முதலில் ரகசியம் பற்றிச் சொல்லுவார்கள்: பேசுவது வெளியே போகாது, ஆனால் யாருடைய உயிருக்கோ பிள்ளையின் பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் சொல்லியாக வேண்டும். இதைத் தமிழில் நிதானமாகச் சொல்லச் சொல்லுங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால். என் அம்மாவுக்கு இந்த ஒன்று புரிந்த பிறகுதான் தோள் இறங்கியது.

அப்புறம் ஒரு பெரிய தாளில் குடும்பத்தை வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர் மேல் ஒரு பெருக்கல் குறி, சண்டை உள்ள உறவுக்கு வளைந்து நெளிந்த கோடு, நெருக்கத்துக்கு இரட்டைக் கோடு. மூன்று தலைமுறை வரை போவார்கள். அந்த வருடங்கள் எழுதிய தாள் இதற்குத்தான், இல்லையென்றால் பாதி நேரம் ‘எழுபத்து ஒண்ணா, ரெண்டா’ என்று போய்விடும். பின்னால் நாங்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்தபோது, எங்கள் தாளில் அப்பாவின் சதுரத்துக்கு மேலே தாத்தாவின் சதுரம். செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், 1971-இல் பிரிட்டிஷ் படை கிளம்பியபோது வேலை போனது, அதற்குப் பின்னால்தான் குடி என்று அம்மா சொன்னார், அப்போது அப்பாவுக்குப் பதினாலு வயது. என் மகளுக்கும் இப்போது ஏறக்குறைய அந்த வயதுதான். நெளிந்த கோடு தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும், அப்பாவிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து மகளுக்கும் ஒரே நேராக இறங்கியிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. மகள்தான் பென்சிலை எடுத்துத் தனக்கும் பாட்டிக்கும் நடுவில் இரட்டைக் கோடு போட்டாள்.

அப்பா செய்தது சரி என்று இதனால் ஆகிவிடாது, ஆலோசகரும் அப்படிச் சொல்லவில்லை. ‘மன்னிச்சுடுங்கம்மா, பாவம் அவரும்’ என்று யாராவது உங்கள் அம்மாவை அவசரப்படுத்தினால் நீங்கள் குறுக்கே நில்லுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு, அதற்குக் கெடு கிடையாது.

8. பெரியவர்களை அழைத்துப் போவது

பொய் சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லி நான் ஒருமுறை அழைத்துப்போனேன், வாசலில் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி நடந்துவிட்டார், அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ‘மனநோய்’, ‘சிகிச்சை’ என்ற வார்த்தைகளும் வேண்டாம். உங்களுக்கு ஏதோ கோளாறு, சரிசெய்யப் போகிறோம் என்று கேட்கிற மாதிரி எதைச் சொன்னாலும் வரமாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பலித்தது, உண்மையைச் சொன்னது. ‘அம்மா, நான் பிள்ளையிடம் அப்பா மாதிரிக் கத்துகிறேன். நிறுத்த முடியவில்லை. அப்பாவோடு இத்தனை வருடம் இருந்தவர் நீங்கள்தான், எனக்கு உதவி செய்ய வாங்க’ என்று கேட்டேன். தனக்காக வரமாட்டேன் என்றவர் எனக்காக வந்தார்.

நடக்க முடியாதவர், வெளியே வர மறுப்பவர் என்றால் வீட்டுக்கே வருவீர்களா என்று சமூக ஊழியரிடம் கேளுங்கள், வருவதுண்டு. அப்படியும் முடியவில்லையென்றால் பக்கத்துத் துடிப்பான மூப்படைதல் நிலையத்தில் தொடங்குங்கள், உடற்பயிற்சி, கைவேலை, பேச்சுத்துணை என்று போய்ப் பழகியவர்கள் பின்னால் ஊழியரிடம் பேசுவது சுலபம். விவரத்துக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, 1800-650-6060. மறதி, அடிக்கடி குழம்புவது, காரணமில்லாத சந்தேகம் இருந்தால் அது குடும்பச் சண்டை என்று எண்ணி இழுக்காதீர்கள், மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள்.

9. காலக் கணக்கு

முதல் அழைப்பிலிருந்து முதல் சந்திப்பு வரை எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. தமிழ் பேசுபவருக்காக மேலும் மூன்று வாரம். நிபுணர் நேரம் மாதக் கணக்கில் போகலாம், ஆகவே கடிதம் வாங்கிய அன்றே பதியுங்கள், காத்திருக்கும் காலத்தில் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருங்கள். ஒன்று முடிந்துதான் மற்றது என்றில்லை.

முதலில் வாரம் ஒருமுறை, அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பல நிலையங்கள் வாரத்தில் ஓரிரு நாள் மாலையிலும் திறந்திருக்கும், வேலைக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள். ஆலோசனைக்கு மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்காது. வந்து போனதற்கு, நேரம் குறித்த ஒரு சீட்டு (டைம் சிட்) கேட்டால் தருவார்கள், அதை உங்கள் மேலாளர் ஏற்பாரா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

பிள்ளையின் தேர்வு மாதங்களில் கனமான பேச்சைத் தொடங்காதீர்கள். இறந்தவரின் திதி, தீபாவளி, இந்த நாட்களை ஒட்டி வீட்டில் எப்போதும் ஏதாவது வெடிக்கும் என்றால் அதற்கு முந்தைய வாரம் ஒரு சந்திப்பைப் பிடித்து வையுங்கள். எங்களுக்கு அப்பாவின் திதிக்கு முந்தைய சந்திப்பு மிகவும் உதவியது. படையலில் பிராந்தி வைப்பதா வேண்டாமா என்பதை அங்கேயே பேசி முடித்தோம். வைக்கவில்லை.

10. அடி உதை இப்போதும் நடக்கிறது என்றால்

குடும்பமாகச் சேர்ந்து உட்காரும் ஆலோசனை அப்போது முதல் வேலை இல்லை, பாதுகாப்புதான் முதல். அடிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடிபட்டவர் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனபின் அதற்கும் சேர்த்து அடி விழும். தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மாதர் சாசனம் என்ற சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். பெயர் மாதர் சாசனம் என்றாலும் ஆண்களும் கேட்கலாம். 2025 ஜனவரி முதல் 18 வயது நிறைந்தவர்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம், மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. காயத்தின் படம், மருத்துவச் சீட்டு, போலிஸ் புகாரின் நகல், தேதிவாரியான குறிப்பு, இவற்றை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எப்படி விண்ணப்பிப்பது என்று குடும்பச் சேவை நிலையமே சொல்லித்தரும்.

11. இரண்டு சந்திப்புகளுக்கு நடுவில்

வீட்டுக்கு வந்ததும் ‘அங்க அப்படிச் சொன்னியே’ என்று சண்டையில் அதை எடுக்காதீர்கள். ஒரே ஒரு முறை நான் எடுத்தேன், மகள் அடுத்த இரண்டு சந்திப்பும் வாயே திறக்கவில்லை.

கோபம் தலைக்கேறினால் விலகிப் போவது என்று பேசிவைத்தோம், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ‘இருபது நிமிஷத்துல வரேன்’ என்று சொல்லிவிட்டு நான் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். சொல்லாமல் போனால் அம்மாவுக்கு அது அப்பா கதவை அறைந்துவிட்டுப் போவது மாதிரி இருந்ததாம். இருபதாவது நிமிடத்தில் கோபம் தணியவில்லையென்றாலும் திரும்பி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். நம் வீடுகளில் பெரியவர்கள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதில்லை, சோறு போட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினால் அதுதான் மன்னிப்பு. வாயால் சொல்லுங்கள். ‘ஆனா நீயும்’ என்று சேர்க்காமல் சொல்லுங்கள். முதல் தடவை எனக்கு நாக்கு எழவில்லை.

12. ஆலோசகர் ஒத்துவரவில்லையென்றால், முடிந்துவிட்டதென்றால்

மூன்று நான்கு முறை போயும் பேச வரவில்லையென்றால் ஊழியரை மாற்றக் கேளுங்கள். நிலையத்தின் மேற்பார்வையாளரிடம் சொன்னால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், கோப்பு மூடப்பட்டால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவீர்கள்.

எல்லாம் நன்றாகப் போனால் ஒருநாள் அவர்களே கோப்பை மூடலாமா என்று கேட்பார்கள். எங்களுக்கு அது பதினான்காவது மாதம். மூடும்போது ஒரு பக்கச் சுருக்கம் கிடைக்குமா என்று கேளுங்கள், மறுபடி போக நேர்ந்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. ஊழியர் பெயர், மூடிய தேதி இரண்டையும் ஃபிரிட்ஜில் ஒட்டிய அதே தாளில் எழுதி வையுங்கள். அந்தக் குடும்ப வரைபடத்தையும் கேட்டால் நகல் தருவார்கள். எங்களுடையது அம்மாவின் அலமாரியில், அடுக்கி வைத்த சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. போன வாரம் மகள் அதை எடுத்து, தாத்தாவுக்கு மேலே காலியாக இருந்த இடத்தைக் காட்டி, ‘இங்க யாரு பாட்டி?’ என்று கேட்டாள். அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.